வழக்கு டைரியும் வீட்டுச் சமையலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வழக்கறிஞர். பெரும்பாலான நாட்களில் வீட்டுச் சாப்பாட்டையும் நானே சமைக்கிறேன். ஜூனியர்களும் உடன் தொழில் செய்கிறவர்களும் ஒரே மாதிரியான கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், பதில்களை ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எந்த நீதிமன்றத்தில் நின்றாலும், எந்த வகைச் சமையல் செய்தாலும் பொருந்துவதை மட்டும் சொல்லியிருக்கிறேன்.

வீடு வந்து சேரவே இரவு எட்டரை ஆகிவிடுகிறது. அதற்கு மேல் சமைப்பது நடக்கிற காரியமா?

நடக்கும். எட்டரை மணிக்கு ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு "இன்றைக்கு என்ன செய்யலாம்?" என்று யோசிக்க ஆரம்பித்தால்தான் நடக்காது.

எல்லோரும் நேரம் இல்லை என்கிறார்கள். ஒரு சாதாரண இரவுச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரம் பெரும்பாலும் இருக்கத்தான் செய்கிறது. தீர்ந்துபோயிருப்பது முடிவெடுக்கிற தெம்பு. எந்தச் சாட்சியை முதலில் விசாரிப்பது, எந்த வாதத்தைக் கைவிடுவது, கட்சிக்காரரைச் சமரசத்துக்கு ஒப்புக்கொள்ளச் சொல்வதா வேண்டாமா என்று காலையிலிருந்து முடிவுமேல் முடிவு எடுத்துவிட்டு வருகிறோம். அதற்குப் பிறகு கேரட்டா பீன்ஸா என்ற கேள்விகூட மலைப்பாகத் தெரியும். அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கத்தான் பாதி நாள் வெளியில் ஆர்டர் போடுகிறோம்.

அதனால் இரவுச் சாப்பாட்டுக்கான முடிவைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள். கிளம்பும் முன் ஃப்ரீசரிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்தால், முடிவு எடுத்தாயிற்று என்று அர்த்தம். இரவு வந்ததும் கை தானாக அந்த டப்பாவை எடுக்கும். இந்தப் பக்கத்தில் இனி வருவதெல்லாம் கிட்டத்தட்ட இந்த ஒரு பழக்கத்தின் விரிவுதான்.

வாரத்துக்கு மெனு போட்டால் இரண்டாம் நாளே உடைந்துவிடுகிறது. வேறு வழி உண்டா?

உடையத்தான் செய்யும். மற்ற வேலைகளில் புதன்கிழமை புதன்கிழமை மாதிரியே இருக்கும். நமக்கு அப்படியா? பட்டியலில் முப்பதாவதாக இருந்த வழக்கு பதினோரு மணிக்கே எடுக்கப்படும். நாள் முழுக்க வாதம் என்று தயாராகப் போனால் பத்து நிமிடத்தில் வாய்தா ஆகிவிடும். இப்படிப்பட்ட வாரத்தில் "செவ்வாய்க்கு இது, புதனுக்கு அது" என்று எழுதி ஒட்டுவதில் பயனில்லை.

நான் சொல்லும் வழி: சமையல் திட்டத்துக்கென்று தனியாக நோட்டு போடாதீர்கள். வழக்கு டைரியையே எடுத்துக்கொள்ளுங்கள். வார ஆரம்பத்தில் ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் 'க' அல்லது 'லே' என்று ஓர் எழுத்து போடுங்கள். கனமான நாள், லேசான நாள். குறுக்கு விசாரணை, இறுதி வாதம், தாக்கல் செய்யக் கெடு முடியும் நாள் எல்லாம் கனம். வெறும் வாய்தா, ஆவணம் சரிபார்ப்பு, அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதும் நாள் லேசு.

கனமான நாளில் கத்தியைத் தொடக்கூடாது. சூடு பண்ணுவது, ஒரு முட்டை பொரிப்பது, அவ்வளவுதான். லேசான நாளில் இரண்டு நாளுக்குச் சேர்த்துச் சமைக்க வேண்டும். எந்த உணவு என்று முன்கூட்டி எழுத வேண்டியதில்லை, எந்த அளவு உழைப்பு என்பதை மட்டும் குறித்தால் போதும். எதிர்பாராமல் வாய்தா கிடைத்தால் நாள் கனத்திலிருந்து லேசுக்கு மாறுகிறது. திட்டம் உடையாமல் வளைந்துகொடுக்கிறது. அப்படிக் கிடைத்த மாலையில் முதல் வேலையாகப் பயறை ஊறப் போட்டுவிடுங்கள்.

விடுமுறை நாளில் என்னென்ன செய்து வைத்துக்கொள்வது?

முழு உணவாகச் செய்து அடுக்காதீர்கள். ஒரே குழம்பை நான்கு நாள் சாப்பிட்டால் ஐந்தாம் நாள் சமையல்மேலேயே வெறுப்பு வந்துவிடும். பாதி வேலை முடிந்த நிலையில் பொருட்களைத் தயாராக வையுங்கள். எந்த வகைச் சமையலுக்கும் பொருந்தும் நான்கைச் சொல்கிறேன்.

முதலாவது, வெந்த பயறு அல்லது பீன்ஸ். முந்தின இரவே உப்புத் தண்ணீரில் ஊற வையுங்கள். உப்பு போட்டால் தோல் வேகாது என்பது பரவலான நம்பிக்கை, ஆனால் ஊறும் தண்ணீரில் இருக்கும் உப்பு தோலை இளக்கத்தான் உதவுகிறது. வேகவிடாமல் இழுத்தடிப்பது புளிப்பு. தக்காளி, எலுமிச்சை, வினிகர் எதுவானாலும் பயறு முழுதாக வெந்த பிறகே சேர்க்க வேண்டும். முன்னாலேயே போட்டால் ஒரு மணி நேரம் கழித்தும் நடுவில் கடுகடுவென்றுதான் இருக்கும். பிரஷர் குக்கர் இருந்தால் வேலை பாதியாகக் குறையும். மூடிய பாத்திரத்தின் உள்ளே அழுத்தத்தால் வெப்பம் 120 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகிறது, திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது.

சிவப்புக் காராமணி போல் தோன்றும் பெரிய சிவப்பு ராஜ்மாவுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிட்டால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அதில் உள்ள லெக்டின் என்ற நச்சுப்பொருள்தான் காரணம். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரத்தில் பச்சை ராஜ்மாவை நேரடியாகப் போட்டுவிட்டு நீதிமன்றத்துக்குப் போகும் யோசனையை விட்டுவிடுங்கள், அந்த மிதமான சூடு நச்சை அழிக்கப் போதாது.

இரண்டாவது, வதக்கிய வெங்காயம். என் கணக்கில் இதுதான் மற்ற மூன்றையும்விட மதிப்பு வாய்ந்தது. வார நாளில் யாருக்கும் வெங்காயத்தைப் பொறுமையாக வதக்க வாய்ப்பில்லை, சமையலின் ருசியோ பெரும்பாலும் அங்கேதான் உருவாகிறது. அகலமான கனத்த சட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோவை நறுக்கி மொத்தமாகக் குவித்தால் முதலில் அது தன் தண்ணீரிலேயே வேகும். தண்ணீர் இருக்கும்வரை சட்டியின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், நிறம் மாறுவதற்கோ 140 டிகிரியாவது வேண்டும். அதனால் முதல் பத்து நிமிடம் எதுவும் நடக்காதது போல் இருக்கும். அடுப்பைக் கூட்டிவிடாதீர்கள். பிறகு சத்தம் மாறும். ஈரமான கொதிப்புச் சத்தம் அடங்கி, சிடுசிடுவென்று எண்ணெய்ச் சத்தம் கேட்கும். அப்போதுதான் பொன்னிறம் ஏற ஆரம்பிக்கிறது. அடியில் ஒட்டும் பழுப்பை இரண்டு கரண்டித் தண்ணீர் விட்டுச் சுரண்டி வெங்காயத்தோடு சேர்த்துவிடுங்கள். எல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேரம் ஆகும். ஆறிய பிறகு சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு உறையவைத்தால், வாரம் முழுக்கக் குழம்புக்கும் சூப்புக்கும் முட்டைக்கும் அடித்தளம் தயார்.

மூன்றாவது, கழுவித் துடைத்த கீரையும் காயும். ஈரத்தோடு வைத்தால் இரண்டே நாளில் அழுகிவிடும்; சுத்தமான துணியில் சுற்றி வையுங்கள். நான்காவது, வேகவைத்த முட்டை. ஓட்டோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் இருக்கும்.

செய்து வைத்ததை எத்தனை நாள் வைத்துச் சாப்பிடலாம்?

சமைத்த உணவுக்குப் பொதுவாக மூன்று அல்லது நான்கு நாள், அதுவும் ஃப்ரிட்ஜ் 4 டிகிரியிலோ அதற்குக் கீழேயோ இருந்தால். ஐந்திலிருந்து அறுபது டிகிரி வரை கிருமிகள் வேகமாகப் பெருகும் என்பதால், சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக்கூடாது. வெயில் காலத்தில் ஒரு மணி நேரமே அதிகம்.

நம் தொழிலில் பிரச்சினை வருவது இங்கேதான். சமைத்துவிட்டு "ஆறட்டும், எடுத்து வைக்கலாம்" என்று மனு எழுத உட்கார்ந்தால், தலை நிமிரும்போது நள்ளிரவு. ஆகவே மனுவுக்கு உட்காரும் முன்னே உணவை அகலமான தாழ்ந்த பாத்திரங்களுக்கு மாற்றுங்கள், போனில் அலாரம் வையுங்கள். ஆழமான பாத்திரத்தில் மேல்பக்கம் ஆறியிருந்தாலும் நடுவில் மணிக்கணக்காக வெதுவெதுப்பு நிற்கும்.

சோறு விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருக்கிறேன். அரிசியில் இருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் கொதிக்கும் தண்ணீரிலும் சாவதில்லை. சோறு வெளியே கிடந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும், அந்த நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. "நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டேனே" என்ற வாதம் இங்கே செல்லாது. ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். மற்ற உணவுகளைச் சூடு பண்ணும்போது நடுப்பகுதி 74 டிகிரி தொட வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் முழுதும் ஆவி பறக்கும்வரை கிளறிவிட்டுச் சூடு பண்ணுங்கள்.

மோந்து பார்த்து முடிவெடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உணவைக் கெட்ட நாற்றம் அடிக்க வைக்கும் கிருமிகளும் நம்மை நோயில் தள்ளும் கிருமிகளும் பெரும்பாலும் வேறு வேறு. நாற்றம் இல்லை என்பதை ஆதாரமாக ஏற்கக்கூடாது.

ஃப்ரீசரில் எது தாங்கும், எது தாங்காது?

சூப், வெந்த பயறு, குழம்பு வகை, வதக்கிய வெங்காயம், ரொட்டி எல்லாம் நன்றாகத் தாங்கும். வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பர் மாதிரி ஆகிவிடும். உருளைக்கிழங்குத் துண்டு மாவு மாவாகப் பிரியும். வெள்ளரிக்காயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மைனஸ் 18 டிகிரியில் கிருமிகள் வளர்வது நிற்கிறது, ஆனால் அவை செத்துப்போவதில்லை. எனவே கெட ஆரம்பித்ததை உறையவைத்துக் காப்பாற்ற முடியாது. செய்த அன்றே, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து வையுங்கள். திரவமானால் மேலே கொஞ்சம் இடம் விடுங்கள், உறையும்போது விரியும். டப்பாமேல் என்ன, எத்தனை பேருக்கு, எந்தத் தேதி என்று மூன்றும் இருக்க வேண்டும். ஆவணங்களுக்கு வரிசை எண் போடும் கைக்கு இது பெரிய வேலை இல்லை. பெயர் ஒட்டாத டப்பாவை யாரும் எடுக்க மாட்டார்கள். அது அடியில் கிடந்து கிடந்து கடைசியில் குப்பைக்குத்தான் போகும்.

வாதம் இருக்கிற நாளில் மதியத்துக்கு என்ன எடுத்துப் போவது?

வழக்கு எப்போது எடுக்கப்படும் என்று தெரியாததால், பத்து நிமிடத்தில் சாப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும். சூடு பண்ணத் தேவைப்படாததாக இருக்க வேண்டும். வெள்ளைச் சட்டையில் தெறிக்காததாகவும் இருக்க வேண்டும், அதனால் ஒழுகும் குழம்புகள் வீட்டோடு இருக்கட்டும். பயறும் நறுக்கிய காயும் கலந்த சாலட், முட்டையும் ரொட்டியும், ஒரு பழம், கைப்பிடிக் கொட்டைகள்: இவற்றில் எது உங்கள் வீட்டில் எளிதோ அது. முட்டையும் தயிரும் இருந்தால் டப்பாவுக்குள் குளிர்ப்பொதி வைக்க மறக்காதீர்கள்; காலை எட்டுக்குக் கட்டியது மதியம் ஒன்றரைக்குத்தான் திறக்கப்படும்.

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு இரண்டேகால் மணிக்கு எழுந்து நின்று வாதாடுவது கஷ்டம், கண் சொருகும். பாதியை இடைவேளையிலும் மீதியை மாலை நான்கு மணிக்கும் சாப்பிடுங்கள். அந்த நான்கு மணிச் சாப்பாடுதான் இரவு எட்டரைக்கு நீங்கள் வெறி பிடித்தது போல் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமல் காப்பாற்றும்.

பசியோடு இருக்கும் நீதிபதி கடுமையாகத் தீர்ப்பளிப்பார் என்கிறார்களே, உண்மையா?

2011ல் வெளியான ஓர் ஆய்விலிருந்து வந்த பேச்சு இது. இஸ்ரேலில் கைதிகளின் பரோல் மனுக்கள்மீது பிறப்பிக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட உத்தரவுகளைப் பார்த்தார்கள். அமர்வின் தொடக்கத்தில் சுமார் 65 சதவீத மனுக்கள் அனுமதிக்கப்பட்டன. இடைவேளை நெருங்க நெருங்க அது கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு இறங்கியது. சாப்பிட்டுவிட்டு வந்ததும் பழையபடி ஏறியது.

மேற்கோள் காட்டும் முன் எதிர்த் தரப்பு என்ன சொல்லும் என்றும் பார்க்க வேண்டுமல்லவா? அதே ஆண்டிலேயே மறுப்பு வந்தது. மனுக்கள் எடுக்கப்பட்ட வரிசை தற்செயலானது இல்லை, வழக்கறிஞர் வைக்காத கைதிகளின் மனுக்கள் பெரும்பாலும் ஒவ்வோர் அமர்வின் கடைசியில் வந்தன, அவை எப்படியும் அதிகம் தள்ளுபடி ஆகிறவை என்று மறுத்தவர்கள் காட்டினார்கள். என் மனதில் நிற்பது இந்த மறுப்புதான். வழக்கறிஞர் இல்லாமல் நிற்பவரின் நிலைமையை அது சொல்லிவிடுகிறது. நீதிபதியின் வயிறு நம் கையில் இல்லை. நம் வயிறு இருக்கிறது. பசியோடு நான் குறுக்கு விசாரணை செய்யும்போது, தேவையில்லாத அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டுவிடும் அவசரம் வருகிறது. அது போதும் எனக்கு.

முக்கியமான விசாரணைக்கு முந்தின இரவு என்ன சமைக்கலாம்?

பழகியதை மட்டும். புது உணவு, புது எண்ணெய், அதிகக் காரம் எதுவும் அன்று வேண்டாம். சீக்கிரம் சாப்பிட்டு, பாத்திரத்தையும் அன்றே கழுவி வைத்துவிடுங்கள். விடியற்காலையில் குறிப்புகளைப் புரட்ட வரும்போது தொட்டி நிறையப் பாத்திரம் கிடந்தால் மனசு அதிலேயே மாட்டிக்கொள்ளும்.

காபி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கஃபீனில் பாதி உடலை விட்டு வெளியேறவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. மாலை ஐந்து மணிக்குக் குடித்ததில் பாதி இரவு பத்து மணிக்கும் ரத்தத்தில் இருக்கிறது. மறுநாள் நின்று பேச வேண்டியவர் மதியத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுப்பில் ஏதாவது இருக்கும்போது கட்சிக்காரர் போன் செய்தால்?

அடுப்பை அணைத்துவிட்டுப் பேசுங்கள். எடுத்தால் இரண்டு நிமிடம் என்று நினைப்போம், இருபது நிமிடம் ஆகும். வீடுகளில் தீப்பிடிப்பதற்குப் பல நாடுகளில் முதல் காரணம் சமையல், அதிலும் கவனிக்காமல் விட்ட அடுப்பு. சட்டி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை நிறுத்தி, தட்டையான மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விட வேண்டும்.

இன்னொன்று, ஸ்பீக்கரில் போடாதீர்கள். சமையலறையில் குழந்தைகள் இருப்பார்கள், உதவிக்கு வருகிறவர் இருப்பார், ஜன்னலுக்கு அப்பால் பக்கத்து வீடு. கட்சிக்காரர் அழுதுகொண்டே சொல்லும் விஷயம் உங்களை நம்பிச் சொன்னது. "ஒரு வேலையில் இருக்கிறேன், பதினைந்து நிமிடத்தில் நானே கூப்பிடுகிறேன்" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, சொன்னபடி கூப்பிட்டால்.

வீட்டிலிருந்து காணொலி விசாரணையில் ஆஜராகும் நாளில், குக்கர் வேலையைப் பத்து மணிக்கு முன்பே முடித்துவிடுங்கள். விசிலுக்கு வழக்கு எண் தெரியாது.

சமைத்துக்கொண்டே வாதத்தைத் தயார் செய்யலாமா?

படிக்க முடியாது, யோசிக்க முடியும். இரண்டையும் குழப்பாதீர்கள். தீர்ப்பு நகலை மேடையில் சாய்த்து வைத்துக்கொண்டு நறுக்கினால் விரலும் போகும், தீர்ப்பும் மனசில் ஏறாது.

ஆனால் படித்து முடித்த விஷயத்தை வரிசைப்படுத்த அடுப்பங்கரையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. வெங்காயம் வதங்கும் அந்த முக்கால் மணி நேரம் கைக்கு வேலை இருக்கிறது, கண்ணுக்குத் திரை இல்லை. மூன்று வாதங்களில் எதை முதலில் வைப்பது என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். எழுதும்போது மிடுக்காகத் தெரிந்த வாக்கியம் பல நேரம் வாயில் வரும்போது இடறும். இடறுகிற இடத்தில் நியாயமும் பலவீனமாகத்தான் இருக்கும். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு சொல்லை மாற்றி மறுபடி சொல்வேன். நல்லது தோன்றினால் போனில் குரல் பதிவு செய்துகொள்ளலாம், கட்சிக்காரர் பெயரைச் சொல்லாமல்.

கேஸ் கட்டுகள் சாப்பாட்டு மேசையிலேயே கிடக்கின்றன. என்ன செய்ய?

மேசையை ஒரே நேரத்தில் இரண்டுக்கும் பயன்படுத்தாதீர்கள். மூல ஆவணத்தில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் அதை யாரும் திருப்பிக் கொண்டுவர முடியாது. மூடியுள்ள ஒரு பெட்டி வைத்துக்கொண்டு, தட்டு வரும் முன் கட்டு பெட்டிக்குள் போக வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

சாப்பிடும்போது வீட்டில் வழக்கைப் பற்றிப் பேசலாமா?

கூடாது. கணவன், மனைவி, பெற்றோர் யாராக இருந்தாலும் கட்சிக்காரரின் ரகசியத்துக்கு அவர்கள் வெளியாட்கள்தான். பெயரைச் சொல்லாமல் சொன்னால் போதும் என்று நினைப்பதும் ஆபத்து. சின்ன வட்டாரத்தில் இரண்டு விவரம் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அதற்காக ஊமையாகச் சாப்பிட வேண்டியதில்லை. சாப்பாட்டைப் பற்றியே எவ்வளவோ பழைய வழக்குகள் பகிரங்கமாக இருக்கின்றன, குழந்தைகளுக்கு அவை மிகவும் பிடிக்கும். 1928ல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் ஒரு பெண் சிற்றுண்டிக் கடையில் இஞ்சி பீர் குடித்தார். தோழி வாங்கிக் கொடுத்தது. நிறம் போட்ட பாட்டில் என்பதால் உள்ளே தெரியவில்லை. மீதியை ஊற்றும்போது அழுகிய நத்தை விழுந்தது என்று வழக்குப் போட்டார். பணம் கொடுத்து வாங்கியவர் அவர் இல்லையே, அவருக்கு உற்பத்தியாளர் பொறுப்பா? 1932ல் அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் பொறுப்புதான் என்றது. கவனக்குறைவு பற்றிய இன்றைய சட்டம் பல நாடுகளில் அதிலிருந்து வளர்ந்தது. வழக்கு அதற்குப் பின் சமரசத்தில் முடிந்ததால், பாட்டிலில் நத்தை இருந்ததா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவே இல்லை! இதைச் சொன்னதும் எங்கள் மேசையில் ஒரு விசாரணையே நடந்தது.

தக்காளி பழமா காயா என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1893ல் தீர்மானித்தது. இறக்குமதி செய்த காய்கறிக்கு வரி உண்டு, பழத்துக்கு இல்லை. தாவரவியல்படி பழமாக இருந்தாலும், மக்கள் அதைச் சாப்பாட்டோடு காயாகத்தான் சாப்பிடுகிறார்கள் என்று சொல்லி வரியை உறுதி செய்தார்கள். 1991ல் பிரிட்டனில் ஜாஃபா கேக் என்ற பண்டம் கேக்கா பிஸ்கட்டா என்று வரித் தீர்ப்பாயத்தில் வாதம் நடந்தது. கேக் பழசானால் கெட்டியாகும், பிஸ்கட் பழசானால் நமத்துப்போகும். இது கெட்டியாகிறது, ஆகவே கேக்தான் என்பது அங்கே எடுபட்ட அம்சங்களில் ஒன்று. ஒரு கேக்கையும் ஒரு பிஸ்கட்டையும் இரண்டு நாள் திறந்து வைத்துக் குழந்தைகளையே சாட்சியம் சொல்லச் சொல்லுங்கள்.

வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். சமையலை எப்படிப் பிரிப்பது?

நாளைப் பிரிக்காமல் பொறுப்பைப் பிரியுங்கள். "இன்று நீ, நாளை நான்" என்று வைத்தால், யாருக்கு வழக்கு இழுத்தாலும் ஏற்பாடு குலைந்துபோகும். ஒருவர் வாங்குவதும் ஊறவைப்பதும் உறையவைப்பதும், இன்னொருவர் அன்றன்று அடுப்பும் பாத்திரமும் என்று பிரித்தால் நீடிக்கும்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெண் வழக்கறிஞர்கள் பலர் வாதத்தை முடித்துவிட்டு வெளியே வந்ததும் முதலில் கேட்கும் கேள்வி வீட்டில் என்ன இருக்கிறது, குழந்தை என்ன சாப்பிட்டது என்பதுதான். சமைக்கிற வேலையை மட்டும் பகிர்ந்துகொண்டு நினைவு வைத்துக்கொள்கிற வேலையை ஒருவர் தலையிலேயே விட்டுவிடுகிறோம். உப்பு தீர்ந்துவிட்டது என்று கவனிப்பதும் வேலைதான், அதையும் பிரிக்க வேண்டும். வாங்க வேண்டியதை எழுத ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள், தீர்த்தவரே எழுத வேண்டும் என்று ஒரு விதி. பெரிய பேச்சுவார்த்தை இல்லாமல் பாதிச் சண்டை குறையும்.

என்னென்ன பாத்திரங்கள் வாங்கலாம்?

கூர்மையான ஒரு கத்தி, கனத்த அகலச் சட்டி, குக்கர், ஒரே அளவில் மூடியுள்ள டப்பாக்கள். மழுங்கிய கத்திதான் விரலை அதிகம் வெட்டும், ஏனென்றால் அழுத்தி வெட்டும்போது வழுக்கும். மற்ற கருவிகள் எல்லாம் பிறகு.

வெளியில் வாங்கிச் சாப்பிட்டால் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

எதற்கு? கெடு நாளில் ஆர்டர் போடுங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள். தினமும் அதுவே ஆனால் உப்பு ஏறிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ், அதாவது ஒரு தேக்கரண்டியை விடக் கொஞ்சம் குறைவாக, என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வாங்கியதோடு வீட்டில் இருக்கும் வெந்த பயறையோ கீரையையோ உப்பில்லாமல் சேர்த்துக்கொண்டால் சமன் ஆகும்.

எனக்குச் சமையலே தெரியாது. இப்போதுதான் தொழிலில் சேர்ந்திருக்கிறேன். எதில் ஆரம்பிக்கட்டும்?

முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் முட்டையில். தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையைக் கரண்டியில் வைத்து மெதுவாக இறக்குங்கள். ஏழு நிமிடத்தில் எடுத்தால் மஞ்சள் கரு தேன் பதத்தில் இருக்கும். பதினொன்று, பன்னிரண்டு நிமிடத்தில் முழுதாகக் கெட்டியாகும். உடனே குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். கொதிக்கும் தண்ணீரில் போட்டு ஆரம்பித்தால் ஓடு சுலபமாக உரியும். மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிந்தால் அதிகம் வெந்துவிட்டது என்று பொருள். கருவில் இருக்கும் இரும்பும் வெள்ளையில் இருக்கும் கந்தகமும் சேர்ந்ததால் வருவது, சாப்பிடலாம், கெடுதல் இல்லை.

முட்டை வேண்டாதவர்கள் பருப்பில் ஆரம்பிக்கலாம். உடைத்த சிவப்புப் பருப்பு ஊறவைக்காமலேயே இருபது நிமிடத்தில் குழைந்துவிடும். ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர், கொதி வந்ததும் நுரையை எடுத்துவிட்டு அடுப்பைக் குறையுங்கள். வெந்ததும் உப்பு, வதக்கிய வெங்காயம் ஒரு டப்பா, இறக்கிய பிறகு எலுமிச்சை. உங்கள் முதல் லேசான நாள் எது என்று டைரியில் பாருங்கள், அன்று மாலை செய்யலாம்.